பாரச் சோதனையில் தேறிய கிராஃபிக்ஸ் கார்டு

துறைமுகத்தில் ஒரு துடைப்பம் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு துடைப்பம் சாக வேண்டும். செத்த துடைப்பத்தைக் கொண்டுபோய்க் கொள்முதல் குழுவின் முன்னால் கிடத்தி, அது செத்ததுதான் என்று குழுவினர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புதுத் துடைப்பத்தைப் பற்றி வாயைத் திறக்கலாம். அதுவரை குப்பை காத்திருக்கும். குப்பைக்கு என்ன அவசரம்.

இந்தக் குழுவிடம்தான் கொக்கி ஒரு கம்ப்யூட்டர் கேட்டுப் போய் நின்றார். ஆபீஸ் மேஜையில் தூசி படிந்து கிடக்கிற கம்ப்யூட்டர் இல்லை. தலையில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் இல்லாத கடலும் இல்லாத கப்பலும் சுற்றிலும் தெரிகிற வகைக் கம்ப்யூட்டர்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் கொக்கிதான். கப்பலின் அடிவயிற்றில் நின்று, இரும்புக் கட்டுகளுக்குக் கயிறு சுற்றி, மேலிருந்து இறங்கும் கிரேன் கொக்கியைப் பிடித்து மாட்டி, கட்டைவிரலை உயர்த்திவிட்டு விலகி நிற்பது அவர் வேலை. ஆயுசில் பாதியை அண்ணாந்து பார்த்தே கழித்தவர். இப்போது கழுத்து அண்ணாந்தாலும் வலது தோள் உயர மறுத்தது. கை காதுக்கு மேல் போகவில்லை. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்ற மனைவி வேண்டியிருந்தது. அவள் தைலம் தேய்ப்பதும் திட்டுவதும் ஒரே வேகத்தில் நடக்கும்.

"கொக்கியைப் பிடிக்கிற கை சோறு பிடிக்குமா இன்னும் ரெண்டு வருஷத்துல? பேசாம உட்கார்ந்து பார்க்கிற வேலையாப் பாருங்க."

உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று உண்மையிலேயே வந்தது. துறைமுகத்துக்குப் புதுக் கிரேன் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதை ஓட்ட ஏணி ஏற வேண்டாம். கீழே ஓர் அறையில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோலை அசைத்தால் போதும். கையை இடுப்புக்கு மேல் தூக்கும் வேலையே இல்லை. அந்த நாற்காலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று கொக்கி வீட்டில் யாரோடும் பேசவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. துறைமுகத் தொழிலாளி யாராவது திறப்பு விழாவுக்குள் பயிற்சி முடித்திருந்தால் நாற்காலி அவருக்கு. இல்லையென்றால் வெளியே இருந்து ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், வந்தால் போக மாட்டார்கள். பயிற்சி எதில்? கண்ணாடி மாட்டுகிற கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் எங்கே? குழு வாங்கித் தரும். அதற்குள் தோள் இன்னும் கெட்டு, வேலைக்குப் போகாமல் டாக்டர் சீட்டோடு சும்மா திரிந்தவர் கொக்கி ஒருத்தர்தான் என்பதால், பயிற்சி எடுக்கிறவரும் அவரே, கம்ப்யூட்டர் விஷயமாகக் குழுவின் படியேறி இறங்குகிறவரும் அவரே என்று முடிவானது. படியேறி இறங்கத் தோள் வேண்டாமே.

கொக்கி முதலில் போனது கொழுந்தியாளிடம். மனைவியின் தங்கை, பல் டாக்டர் கிளினிக்குக்குக் கீழே கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தாள். மேலே பல் பிடுங்குகிற சத்தம், கீழே விசிறி சுற்றுகிற சத்தம். ஆள் நுழைந்தால் அட்டைப் பெட்டி சரியும்.

"வாங்க மாமா. கேம் விளையாடக் கம்ப்யூட்டரா? இந்த வயசுலயா? அக்காவுக்குத் தெரியுமா?"

"கேம் இல்லம்மா. கிரேன் ஓட்டிப் பழக."

"எல்லாம் ஒண்ணுதான். காரு ஓட்டினா கேம், கிரேன் ஓட்டினா பயிற்சி. மெஷினுக்கு ரெண்டும் ஒரே பாடுதான்." அவள் ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். "எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?"

கொக்கி தொகையைச் சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இறுக்கிப் பிடிச்சாத் தேறும். ஆனா நான் சொல்றபடி பிரிக்கணும். இந்தா, இது கிராஃபிக்ஸ் கார்டு. படம் வரையுறது இதுதான். கண்ணாடிக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வரையணும், செகண்டுக்குத் தொண்ணூறு படம். தடுமாறினா உங்களுக்கு வயிறு புரட்டும். அதனால பாதிக் காசு இதுக்குப் போகும். பிராசசர் நடுத்தரம் போதும். ராம் பதினாறு ஜிபி. பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் கூடாது, அது சாகும்போது தனியா சாகாது, கூட நாலு பேரை இழுத்துக்கிட்டுப் போகும். கேபினெட் தகர டப்பாவா இருந்தாலும் சரி, காத்து போனாப் போதும்."

"கார்டு பழசாக் கிடைக்காதா? விலை குறையுமே."

"கிடைக்குமே. ஒருத்தன் மூணு மாசம் கேம் ஆடிட்டுக் கல்யாணம் நிச்சயமாகி வித்துட்டுப் போயிட்டான். புதுசு மாதிரி இருக்கு. உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

கொக்கி கிளம்பிப் போய்க் குழுவிடம் கேட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், கணக்கு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி. நீள மேஜை. தலைவர் பழைய பொருளை வாங்குவது குழுவின் கௌரவத்துக்கு இழுக்கு என்று சொன்னார். அவருக்குப் பின்னால் ஜன்னலில், வேறொரு துறைமுகம் வேண்டாமென்று தள்ளிவிட்ட இழுவைப் படகு ஒன்று கறுப்புப் புகை விட்டுக்கொண்டு போனது. அதை வாங்கியதும் இதே குழுதான்.

"அது படகுப்பா," என்றார் தலைவர், கொக்கியின் பார்வை போன திசையைப் பார்த்து. "படகு பெரிசு. பெரிசைப் பழசா வாங்கலாம். சின்னதைப் பழசா வாங்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க?" பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது கிடக்கட்டும். பழைய மெஷின் எங்கே?"

"எந்தப் பழைய மெஷின் சார்?"

"தலையில மாட்டிக்கிட்டு இல்லாததைப் பார்க்கிற மெஷின். அதைக் கழிச்சாத்தானே புதுசு?"

"அது இப்பத்தான் சார் உலகத்துக்கே வந்திருக்கு. நம்மகிட்ட எப்படிப் பழசு இருக்கும்?"

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "ஏம்பா கொக்கி, இந்தக் குழு அவசரப்பட்டு முடிவெடுத்து இதுவரைக்கும் ஒரு தப்பும் செஞ்சதில்ல. ஏன்னா அவசரப்பட்டு முடிவெடுத்ததே இல்ல. பழசு இல்லாம புதுசு வாங்கினா, நாளைக்கு அது பழசாகும்போது எதுக்குப் பதிலா வாங்கினோம்னு தணிக்கைக்காரன் கேட்பான். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கொக்கி கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரர் அந்தத் துறைமுகத்தில் தூக்கிப் போடாத பொருள்களுக்கெல்லாம் தகப்பன் மாதிரி இருப்பவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

"தலையில மாட்டணும். மாட்டினா வெளியில இருக்கிறது சரியாத் தெரியக்கூடாது. அதானே?"

"அதான்."

உள்ளே போய்ப் பித்தளையில் ஒரு குடம் மாதிரி உருட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் முக்குளிக்கிறவர் தலையில் மாட்டி இறக்கிய கவசம். முன்னால் வட்டக் கண்ணாடி, பாசி பிடித்திருந்தது. இரண்டு பேரும் அதை மேஜைமேல் தூக்கி வைத்தபோது மேஜை முனகியது. மூன்று அதிகாரிகளும் முறைவைத்து அதை மாட்டிப் பார்த்தார்கள். பாதுகாப்பு அதிகாரிக்குக் கழற்ற வரவில்லை, இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணும் தெரியல," என்று சிவந்த காதோடு சொன்னார் அவர். "கண்டிப்பாப் பழுதுதான்."

கவசம் பழுதடைந்த கண்ணாடிக் கம்ப்யூட்டர் என்று கழிக்கப்பட்டது. குழு அன்றைக்கு அதற்கு மேல் எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாவு போதும் என்பது அவர்கள் வழக்கம்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு அதிகாரியின் முறை. மெலிந்த மனுஷர். சிரித்தால் செலவாகிவிடும் என்பதுபோல் உதட்டை மூடியே வைத்திருப்பார். கொழுந்தியாள் பிரித்துக் கொடுத்த விவரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் ஏன் பாதிப் பணம்?"

"அதுதான் சார் படம் வரையுது."

"மத்ததெல்லாம் சும்மா இருக்கா?" அவர் எழுந்து நின்றார். "இந்த நாற்காலில உட்கார்ந்த நாள்லேர்ந்து நான் எந்தப் பொருளுக்கும் ஓரவஞ்சனை செஞ்சதில்ல. கார்டும் பாகம்தான், கேபினெட்டும் பாகம்தான், மவுஸும் பாகம்தான். ஒருத்தனுக்குப் பாதிச் சொத்தை எழுதி வெச்சிட்டு மத்தவங்களைப் பார்த்துக்கிட்டு நில்லுன்னா அந்தக் குடும்பம் உருப்படுமா? எல்லாத்துக்கும் சமமாப் பிரிங்க. மெஷின் ஓடுறது ஓடாதது ரெண்டாவது. கணக்கு நிமிர்ந்து நிக்கணும்."

பாதுகாப்பு அதிகாரி மேஜையில் தட்டினார். தலைவரும் தட்டினார், ஆனால் முகம் வாடியிருந்தது. அவர் கையில் கார்டின் அட்டைப் பெட்டிப் படம் இருந்தது. அதில் பெரிய எழுத்தில் கேமிங் என்று போட்டிருந்தது, கீழே ஒரு டிராகன் நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது.

"துறைமுகத்துல விளையாட்டா?" என்றார். "நான் இங்க வந்து இத்தனை வருஷம் ஆச்சு, ஆபீஸ் நேரத்துல தூங்கியிருக்கேன், மறைக்க மாட்டேன். ஆனா விளையாடினதில்ல. இந்த டிராகன் இந்த வாசலைத் தாண்டி உள்ள வராது."

கொக்கி கடைக்குத் திரும்பியபோது முகம் தொங்கிப் போயிருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் முன்கூட்டியே ஊருக்கு வந்து லாட்ஜில் இறங்கிவிட்டதாகவும் பேச்சு. விவரத்தைக் கேட்டுக் கொழுந்தியாள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சமமாப் பிரிச்சா, கார்டு காசுக்கு ஒரு மவுஸ் வாங்கலாம் மாமா. மவுஸ் காசுக்குக் கார்டு வாங்க முடியாது. அந்த மனுஷன் வீட்டுல சோத்துக்கும் உப்புக்கும் ஒரே காசா கொடுப்பார்?"

"நீ சிரி. நாற்காலி போகுது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அக்கா தைலம் தேய்க்கிறதை அவளும் பார்த்திருக்கிறாள். "சரி. புதுக் கிரேனுக்கு உதிரிபாகம் வாங்குறதுக்கு எவ்வளவு வரம்பு?"

"அதுக்கு வரம்பே இல்ல. கிரேன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க."

"அப்ப கார்டு கம்ப்யூட்டர் பாகமே இல்ல. கிரேன் பாகம். படம் காட்டுற வகை." பில்லில் அப்படியே எழுதினாள். டிராகன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அதன்மேல் 'கிரேன் உதிரிபாகம், எட்டு ஜிபி' என்று அழகாக எழுதினாள். "மிச்சத்தைச் சமமா பிரிச்சுக்கச் சொல்லுங்க. தகர டப்பாவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே கிடைக்கும், அதுவாவது சந்தோஷப்படட்டும்."

எல்லாமே மளமளவென்று நடந்தது. கணக்கு அதிகாரி திருப்தியடைந்தார். தலைவர் டிராகன் இல்லாத பெட்டியைத் தடவிப் பார்த்தார். கொக்கிக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. அப்போதுதான் இத்தனை நாளும் கிரேன் பாகம் ஒன்றும் கிடைக்காமல் வாடிக் கிடந்த பாதுகாப்பு அதிகாரி முழித்துக்கொண்டார்.

"கிரேன் பாகமா? பாரச் சோதனை பண்ணியாச்சா?"

கிரேனில் சேரும் எந்தப் பாகமும், அது தாங்க வேண்டிய பாரத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தூக்கிக் காட்டினால்தான் உள்ளே வரும். சங்கிலிக்கும் கொக்கிக்கும் கயிற்றுக்கும் ஏற்பட்ட விதி. நல்ல விதிதான். அது இல்லாவிட்டால் கொக்கி இந்நேரம் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

"சார், இது தூக்குற பாகம் இல்ல. பார்க்கிற பாகம்."

"கிரேன்ல தூக்காத பாகம் எது? இந்தத் துறைமுகத்துல விபத்து பாதியாக் குறைஞ்சிருக்கு, எப்படின்னு கேளு. வேலையைப் பாதியாக் குறைச்சேன். சோதிக்காம நான் எதையும் விட மாட்டேன்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எட்டு போட்டிருக்கு. அப்ப பத்து டன்."

எட்டு என்ன என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தில் ஓர் எண்ணைச் சொன்னால் அது டன்தான். குழந்தை பிறந்தால்கூட எடையைச் சொல்லும்போது ஒரு நொடி யோசிப்பார்கள்.

மறுநாள் காலை பழைய கிரேன் அடியில் கூட்டம் கூடிவிட்டது. பத்து டன் சிமெண்ட் கட்டை தயாராக நின்றது. பாதுகாப்பு அதிகாரி மஞ்சள் தொப்பியோடு, கார்டுக்கும் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தியாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற முகம்.

"கார்டுல கயிறு கட்டிக் கட்டையைத் தொங்க விடப் போறாங்களா மாமா? அது அறுந்து விழுறதுக்குக்கூட நேரம் எடுத்துக்காது."

"யார் கட்டணும்?" என்று கேட்டார் அதிகாரி.

யார் கட்டுவது? அந்த வேலைக்கென்று அங்கே இருப்பவர் ஒருத்தர்தானே. கொக்கி முன்னால் போனார். கட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினார். கார்டை என்ன செய்வதென்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். பிறகு கழுத்துத் துண்டை உருவி, பெட்டியை அதில் பத்திரமாகச் சுற்றி, கட்டையின் தலையில் வைத்து, அது நகராதபடி முடிச்சுப் போட்டார். கிரேன் கொக்கியைக் கயிற்றில் மாட்டினார். இடது கையின் கட்டைவிரலை உயர்த்தினார்.

கட்டை மேலே போனது. கார்டும் அதன்மேல் உட்கார்ந்து கூடவே போனது. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே கொஞ்ச நேரம் ஆடியது. கொழுந்தியாள் பக்கத்தில் வந்து நின்ற கொக்கியின் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். கட்டை மெதுவாக இறங்கியது. அதிகாரி துண்டை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, கார்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"விரிசல் இல்ல. வளைவு இல்ல. பத்து டன்னோட மேல போச்சு, பத்து டன்னோட கீழ வந்துச்சு. நல்ல சரக்கு."

உலகத்தில் எத்தனையோ கேமிங் கம்ப்யூட்டர் ஓடுகிறது. பத்து டன் பாரச் சான்றிதழோடு ஓடுவது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் உடனே துறைமுகத்துக்குள் விடவில்லை. கிரேன் பாகம் என்றால் விற்றவர் இடத்திலேயே ஒரு மாதம் ஓட வேண்டும், வாங்குகிறவர் சார்பில் ஒருத்தர் கூடவே இருந்து பார்த்து, தினமும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருத்தர் கொக்கி என்று ஆனது. குழு செய்த காரியங்களில் அவருக்கு நன்மையாக முடிந்த முதல் காரியம் இது. குழுவுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது.

கொழுந்தியாள் ஒரே மத்தியானத்தில் மெஷினைக் கூட்டினாள். மதர்போர்டைத் தகர டப்பாவில் திருகினாள். கார்டை அதன் பள்ளத்தில் அழுத்தியபோது 'டக்' என்று உட்கார்ந்தது. கண்ணாடியைக் கொக்கி தலையில் மாட்டி, இரண்டு கையிலும் பிடியைக் கொடுத்தாள்.

கடை மறைந்தது. கொக்கி கடல்மேல் நின்றார். கீழே கப்பல், அதன் வாயில் அடுக்கடுக்காகப் பெட்டிகள். குனிந்து பார்த்தார். தன் காலைக் காணவில்லை.

"ஆயுசு பூரா கப்பல்ல இருந்தவன் நான். ஒரு நாள் வாந்தி எடுத்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தேடினார்.

"பக்கெட் இடது பக்கம் இருக்கு மாமா."

முதல் சில நாள் அவர் தூக்கிய பெட்டியெல்லாம் கடலில் விழுந்தது. ஒன்று கப்பல் மேல்தளத்தில் படுத்துக்கொண்டது. பல் டாக்டரிடம் வந்தவர்கள் ஊசி போட்ட கன்னத்தோடு கீழே இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் இடது," என்று கொழகொழ வாயால் யோசனை சொன்னார்கள். பிறகு கை பழகியது. பெட்டி ஆடும்போது அதை நிறுத்த எதிர்ப் பக்கம் இழுக்கக் கூடாது, ஆட்டத்தோடு கூடவே போக வேண்டும் என்று புரிந்தது. கீழே நின்று இத்தனை வருஷம் பார்த்த ஆட்டம்தான், இப்போது மேலிருந்து பார்த்தார். ஒரு மாலை நேரத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் லாரி மேல் முட்டை வைப்பது மாதிரி வைத்தார். கண்ணாடியைக் கழற்றியபோது தோள் வலிக்கவில்லை. வலிக்காததைக் கவனிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கு மனைவி தைலத்தோடு வந்தாள். வேண்டாம் என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, திட்டிவிட்டுத்தான் போனாள்.

ஒரு மாதம் முடிந்து, மெஷின் துறைமுகத்துக்கு வந்ததும் திறப்பு விழாவும் ஒரே நாளில் விழுந்தன. கண்ணாடி மாட்டி ஓட்டி ஆரம்பித்து வைக்கும் பெருமை தலைவருடையது. பயிற்சி அறை வாசலில் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் பையோடு வந்து நின்றிருந்தார்கள்.

"பயிற்சி முடிச்ச ஆள் யாரு?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான் சார். ஒரு மாசமா ஓட்டினேன்."

"நீ ஓட்டல, பார்த்தே. மேற்பார்வைன்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கே. பயிற்சின்னு எங்கயும் இல்லையே." தலைவருக்கு உண்மையிலேயே வருத்தம். "பார்த்தவனுக்கு நாற்காலி கொடுத்தா நாளைக்கு ஊரே பார்த்துட்டு வந்து நிக்கும்."

கொழுந்தியாள் வாயைத் திறந்தாள், அதற்குள் கூட்டத்தில் நின்ற தொழிலாளர் சங்கச் செயலாளர் கையை உயர்த்திவிட்டார். நாற்காலி தொழிலாளிக்குப் போகாததைப் பற்றிப் பேசப் போகிறார் என்று கொக்கி நினைத்தார்.

"தோழர்களே, கிரேன் ஓடும்போது கீழே சைகை காட்ட ஓர் ஆள் நிக்கணும். அது நாம போராடி வாங்கின உரிமை. சைகை ஆள் இல்லாம தலைவரை அந்தக் கண்ணாடியைத் தொட விட மாட்டேன்."

நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. சைகை ஆள் வரவழைக்கப்பட்டார். பச்சைக்கொடி சிவப்புக்கொடியோடு தலைவருக்கு நேர் எதிரே நின்றார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சைகை ஆள் கொடியை அசைத்தார். தலைவருக்குக் கொடியும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. சைகை ஆள் இன்னும் வேகமாக அசைத்தார்.

சுவரில் மாட்டியிருந்த திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் ஒரு பெட்டியை வானத்துக்குத் தூக்கினார். அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. "நிறுத்து, நிறுத்து," என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. கை பிடியை அழுத்திவிட்டது. பெட்டி விழுந்தது. கப்பலின் நடு முதுகில் விழுந்தது. கப்பல் இரண்டாக மடிந்து, குமிழ் விட்டுக்கொண்டு, கொடிமரம் கடைசியாக, உள்ளே போனது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றாமல், "ஆள் யாருக்காவது அடிபட்டுதா?" என்று கேட்டார்.

பாதுகாப்பு அதிகாரி விசிலை ஊதினார். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நிமிஷம் அது.

"யாரும் எதையும் தொடாதீங்க. கிரேன் பாகத்துல விபத்து. கப்பல் மூழ்கியிருக்கு. விசாரணை முடியுற வரைக்கும் புது ஆள் ஒருத்தரும் இந்தக் கிரேன்ல உட்காரக்கூடாது." வாசலில் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். "நீங்க வெளியில இருங்க."

"அப்ப கிரேன்?" என்றார் கணக்கு அதிகாரி கலவரத்தோடு. "வெளியில நிஜக் கப்பல் நிக்குது. நின்னா வாடகை ஏறும்."

"விபத்துக்கு முன்னாடி இந்தப் பாகத்தோட ஒரு மாசம் இருந்து, ஒழுங்காக் கையெழுத்துப் போட்டவன் மட்டும் தொடலாம். விதி அப்படித்தான்."

மூன்று அதிகாரிகளும் மெதுவாகத் திரும்பிக் கொக்கியைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே அவர் நிஜ நாற்காலியில் உட்கார்ந்தார். நிஜக் கப்பலிலிருந்து நிஜப் பெட்டிகளை எடுத்து லாரிகளில் வைத்தார். ஒன்றும் விழவில்லை. ஒப்பந்தக் கம்பெனி ஆட்களுக்குக் காத்திருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டாம். கேமுக்குத் தடை ஒன்றும் இல்லை என்பதால் அவர்கள் பயிற்சி அறையில் உட்கார்ந்து, கொழுந்தியாளிடம் கேட்டுக் கார் பந்தய கேம் ஒன்றை ஏற்றிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக் குழுவில் அதே மூன்று பேர். மூழ்கிய கப்பலின் பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, சரக்கு யாருடையது என்று எல்லா இடத்துக்கும் கேட்டு எழுதினார்கள். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. அது அவர்களுக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. கடைசியில் கொக்கியைக் கூப்பிட்டு நீள மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"நீதான்பா இதுல விவரம் தெரிஞ்சவன்," என்றார் தலைவர். அவர் சரியாகத் தூங்கி எவ்வளவோ நாளாகியிருந்தது. "ஒரே வார்த்தை சொல்லு. அது வெறும் படம்தானா? அப்படின்னா இன்னைக்கே விசாரணையை மூடிடலாம். அந்த மூணு பேரும் வேலையை ஆரம்பிக்கலாம். உனக்கும் கொக்கி மாட்டுற வேலைக்கே திரும்பிப் போக வசதியா இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே புதுக் கிரேன் சும்மா நின்றது. அவர் இல்லாததால்தான் நின்றது. கொக்கி அதைப் பார்த்தார். வலது தோளை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் பார்த்ததைச் சொன்னார்.

"கப்பல் மூழ்கினதை என் கண்ணால பார்த்தேன் சார்."

"சரி. எங்கே மூழ்கிச்சு?"

"அதுதான் சார் தெரியல. நல்ல ஆழமான இடம்."

மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதுகாப்பு அதிகாரி கடல் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். கணக்கு அதிகாரி முதல் முறையாக உதடு பிரிந்து சிரித்து, கடலைச் சம பாகமாகப் பிரித்துத் தேடலாம் என்றார்.

"நீ போய் வேலையைப் பாருப்பா," என்றார் தலைவர். "இது முடிய நாளாகும்."